ஆரி ஊசி துணியில் மாட்டிக்கொண்டே இருக்கிறதா? சங்கிலித் தையலை இப்படிப் போட்டுப் பாருங்கள்

துணியில் பூவேலை செய்கிற, நுனியில் கொக்கியும் மேலே மரப்பிடியும் உள்ள ஆரி ஊசியை வாங்கிய முதல் மூன்று வாரம் நான் போட்டதற்குத் தையல் என்று பெயர் வைக்க முடியாது. துணியைப் பொத்தல் போட்டேன், அவ்வளவுதான். ஊசி சுலபமாக உள்ளே போகும். வெளியே வரும்போது கொக்கி துணியின் இழையையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். வகுப்பில் கேட்டால் "பழகப் பழக வந்துரும்" என்றார்கள். வரவில்லை. கடைசியில் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் ஓர் அண்ணன். அதைக் கீழே சொல்கிறேன்.

ஜாக்கெட் அளவெடுப்பது, வெட்டுவது எல்லாம் இங்கே கிடையாது. அது உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும்: வேலைப்பாடு முடியும்வரை துணியை வெட்டாதீர்கள். கழுத்து, கை அளவைத் துணியில் வரைந்துகொண்டு தையலை முடித்துவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

முதலில் துணி. பழகுவதற்குக் காடா துணிதான் (வெளுக்காத பருத்தித் துணி) என் தேர்வு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிறதே, அதே துணி. விலை குறைவு, நெசவும் நெருக்கம். ஆனால் கஞ்சியோடு இருக்கும். ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் ஊசி சுகமாக இறங்கும். கோவை கோரா காட்டன் சேலையோடு வரும் ஜாக்கெட் துணியில் ஆரம்பித்துவிடாதீர்கள். பட்டும் பருத்தியும் கலந்த துணி அது. கொக்கி ஒரு இழையைப் பிடித்தால் அந்த வரி முழுக்கச் சுருங்கும். நான் ஒன்றைப் பாழாக்கி, அமுச்சியிடம் (அம்மாவின் அம்மா) ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

நூலுக்கும் இதே கதைதான். கடையில் 'சில்க் த்ரெட்' என்று தருவதில் பெரும்பாலானது பட்டே இல்லை, ரேயான். பளபளப்பு அழகுதான், முறுக்கு குறைவு என்பதால் கொக்கியில் பாதி இழை மாட்டும், பாதி நழுவும். கொஞ்ச நாளைக்கு முறுக்குள்ள பருத்தி நூலே போதும். கண்டாக இல்லாமல் ரீலாக வாங்குங்கள். சங்கிலித் தையல் நூலை நன்றாகத் தின்னும்: மேலே இரண்டு இழை, அடியில் ஒன்று. ஒரு சாண் கோட்டுக்கு மூன்று சாண் நூல் போய்விடும்.

துணியை இறுக்கிப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையத்தில் மாட்டியபின் துணியைத் தட்டினால் டப் டப் என்று சத்தம் வரவேண்டும். உள்வளையத்தில் பழைய வேட்டித் துணியை ரிப்பன் மாதிரி சுற்றிவிட்டால் துணி நழுவாது. வலது கை மேலே ஊசியோடு, இடது கை அடியில் நூலோடு; ஆக, வளையத்தைப் பிடிக்கக் கை இருக்காது. வட்ட வளையம் பொருத்திய சின்ன ஸ்டாண்டு ஒன்று வாங்கிவிடுங்கள். நாலு கால் மர ஸ்டாண்டு எங்கள் வீட்டில் இப்போது துணி காயப்போடத்தான் பயன்படுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு என் செருப்பு வார் அறுந்து, அந்த அண்ணனிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அவர் கையிலும் கொக்கி ஊசி. தோலில் குத்தினார், அடியில் இடது கையால் நூலைக் கொக்கியில் போட்டார், இழுத்தார். எங்கும் மாட்டவில்லை. "ஏனுங்கண்ணா, எனக்கு மட்டும் மாட்டிக்குதே?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார்: "அப்பிடியே இழுத்தா தோலும் கூடவே வருமுங்க அம்மிணி. நூலப் போட்டதும் ஊசியத் திருப்போணும்."

அவர், தோலுக்கு மேலே வந்த நூல் மடிப்புக்குள், அதாவது கண்ணிக்குள், இன்னொரு நூலைக் கோத்து இறுக்குகிறார். நாம் அந்தக் கண்ணியை அடுத்த கண்ணியால் பிடிக்கிறோம். வித்தியாசம் அவ்வளவுதான். பிறகுதான் தெரிந்தது, குஜராத்தின் கட்ச் பகுதியில் ஆரி வேலைக்குப் பேர்போன மோச்சி சமூகத்தாரும் தோல் வேலை செய்தவர்கள்தான். தோல் தைத்த ஊசியே மெலிந்து துணிக்கு வந்திருக்கிறது.

செய்யும் முறை இது. நூல் நுனியில் முடிச்சுப் போட்டு அடியில் பிடித்துக்கொள்ளுங்கள். தையல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கொக்கி பார்க்கும்படி ஊசியை நேராக இறக்குங்கள், சாய்க்க வேண்டாம். அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி லேசாக இழுத்துப் பிடியுங்கள். இப்போது மரப்பிடியை அரைச் சுற்றுத் திருப்புங்கள். கொக்கி, போட்டு முடித்த தையலைப் பார்க்கும். ஊசியின் வழவழப்பான முதுகால் துணியை முன்பக்கம் ஒரு துளி தள்ளியபடியே மேலே எடுங்கள். தள்ளும்போது கொக்கியின் பக்கம் ஓட்டை கொஞ்சம் திறக்கும், அந்த இடுக்கில் நூல் மட்டும் வரும். கண்ணி மேலே வந்ததும் கொக்கியை மறுபடி முன்பக்கம் திருப்பி, கண்ணி ஊசியில் இருக்கும்போதே ஓர் அரிசி நீளம் தள்ளி அடுத்த குத்து. குத்து, மாட்டு, திருப்பு, தள்ளி எடு. நூறு கண்ணி போடும்வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

முடிப்பதில் கவனம் வேண்டும். அரிசி மூட்டையின் தையலை ஒரு நுனியில் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுசாக வந்துவிடும் இல்லையா? அதுவும் சங்கிலித் தையல்தான். அதனால் அடியில் நாலு அங்குலம் விட்டு நூலை வெட்டி, கடைசிக் கண்ணியை நுனி வரும்வரை மேலே இழுத்துவிடுங்கள். அந்த நுனியைச் சாதாரணத் தையல் ஊசியில் கோத்து, முந்தைய கண்ணிக்கு வெளியே ஓர் இழை தள்ளி அடியில் இறக்கி முடிச்சுப் போடுங்கள்.

பின்சேர்க்கை: ஊசியைத் திருப்பின பிறகும் மாட்டுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவரின் வீடியோவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, துணிக்குள் போன பிறகு கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. மரப்பிடியில் கொக்கி இருக்கும் பக்கம் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். இறங்கும்போது புள்ளி முன்னால், ஏறும்போது பின்னால். என் ஊசியில் சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, திருப்பூரிலிருந்து ஒரு தங்கச்சி பனியன் துணியில் போடலாமா என்று கேட்டிருந்தார். போடலாம், ஆனால் அது பின்னலாடைத் துணி, இழுபடும். வளையத்தில் இறுக்கிப் போட்டுத் தைத்துவிட்டுக் கழற்றினால் பூ முழுக்கச் சுருங்கி நிற்கும். அடியில் பழைய காட்டன் சேலைத் துணியை வைத்து இரண்டையும் முதலில் நீள நீளமான பெருந்தையலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வளையத்தில் இழுக்கும் பாரத்தைச் சேலைத் துணி தாங்கட்டும். வேலை முடிந்ததும் பூவைச் சுற்றி அரை அங்குலம் விட்டு மீதியை வெட்டிவிடலாம்.