செட்டிநாட்டில் பழைய வீடு வாங்குவோர் ஓதத்துக்குப் பணம் ஒதுக்கும்போது செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில்தான் வருகிறார்கள். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் சுவரைப் பார்த்து, பர்மாத் தேக்குத் தூணிலும் ஆத்தங்குடித் தளக்கல்லிலும் மனம் பறிகொடுத்து, அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுவதுதான் முதல் தவறு. இங்கே பெருமழை வடகிழக்குப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, அதாவது ஈரம் ஊறி நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அதுவரை காத்திருக்க விற்பவர் இணங்கவில்லை என்றால், புதுப் பூச்சு எந்த உயரத்தோடு நிற்கிறது என்பதையாவது கவனிக்க வேண்டும். வீடு முழுவதும் பழைய வெள்ளையாக இருக்க, இடுப்பளவுக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால், அது அழகுக்காகச் செய்ததாக இருக்காது.

கானாடுகாத்தான் அருகே அப்படியொரு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மேலே கெட்டியான ஒலி வந்தது. முழங்கால் உயரத்தில் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. நகத்தால் சுரண்டியதும் வண்ணம் ஏடாகப் பெயர்ந்து, அடியில் உப்பு வெள்ளை மாவாகப் பூத்திருந்தது. உப்பு பூத்த சுவருக்கு வண்ணம் அடிப்பதற்கென்று ஒதுக்கும் பணம், எவ்வளவு குறைவானாலும், வீண் பணமே.

இரண்டாவது தவறு, செலவைச் சதுர அடியால் மட்டும் கணக்கிடுவது. தெருவிலிருந்து தெரு வரை நீளும் இவ்வீடுகளில் பக்கச் சுவர் ஒன்று 120 அடி நீளமும் 14 அடி உயரமும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1,680 சதுர அடி வரும். அதைப் பூச்சுக் கூலியால் பெருக்கி ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். சாரம் கட்டுவது, பழைய காரையைக் கொத்தி இறக்குவது, இடிபாட்டை வண்டி வைத்து அள்ளுவது ஆகியவை பெரும்பாலும் அந்தத் தொகையில் இருப்பதில்லை. முகப்பில் இருக்கும் சுதைச் சிற்பங்களும் அப்படித்தான். அது கொத்தனார் வேலையன்று, சுதை வேலை தெரிந்தவரிடம் தனியாக விலை கேட்க வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய விடுபடல், நீர் வரும் வழிக்கு ஒரு காசும் ஒதுக்காதது. ஈரம் தெரிகிற இடம் ஒன்று, நீர் நுழைகிற இடம் வேறொன்று. ஓட்டுக்கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் தகரம் துருப்பிடித்திருக்கலாம். முற்றத்து நீரை வெளியேற்றும் தூம்பு மண்மூடியிருக்கலாம். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் அரசங்கன்று வேர்விட்டிருக்கலாம். கன்றின் தலையை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். வேரைக் காரையோடு பெயர்த்தெடுத்து, அந்த இடத்தை மறுபடி கட்டுவதற்கும் சேர்த்தே செலவு எழுத வேண்டும். பல ஊர்களில் சாலையைச் சுரண்டாமலே அதன்மேல் புதுச் சாலை போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீடுகள் இன்று தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன. அங்கே மழைநீர் சுவரின் அடியில்தான் தேங்கும். சுவரோரம் நீர் வடிய ஒரு கால்வாய் எடுக்காமல் எத்தனை முறை பூசினாலும் பூச்சு நிற்காது.

சிமெண்டுப் பூச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் இறுகிய சிமெண்டைப் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரே ஏறிப் பூச்சுக்குப் பின்னால் உப்பைச் சேர்க்கிறது. நாளடைவில் சிமெண்டு தான் மட்டும் விழாமல் செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்பு வேலைக்குக் கூலியும் கூடுதல், நாளும் கூடுதல் என்பது உண்மைதான். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைத்த காரையை ஒவ்வொரு பூச்சாகப் பூசி, ஒன்று இறுகிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வெயில் கடுமையானால் ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். ஆகவே மாதக்கணக்கில் வேறிடத்தில் தங்கும் வாடகையும் இந்தச் செலவின் ஒரு பகுதியே.

பங்காளிகளின் பொதுவீட்டில் ஒரு பங்கை மட்டும் வாங்குகிறவர்கள் எளிதில் மறந்துவிடும் கேள்வி, வெளிச்சுவர் யாருடையது என்பது. உங்கள் அறைக்குள் இறங்கும் நீர் மற்றொரு பங்காளியின் கூரையிலிருந்து வரலாம். அவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து சம்மதிக்கவில்லை என்றால், கையில் பணம் இருந்தும் நீங்கள் ஓடு மாற்ற முடியாது. பொதுச்சுவர், கூரை, தூம்பு ஆகியவற்றின் செலவை யார் எந்த விகிதத்தில் ஏற்பது என்பதைக் கிரயத்துக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக்கும் சேர்த்து 9 சதவீதம் போய்விடும் என்பதால், பலர் வீட்டு விலையோடு அதை மட்டும் கூட்டி, மிஞ்சியதைப் பழுதுபார்க்க வைக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுவதே நல்லது. பழைய வீடுகளை அறிந்த கொத்தனார் ஒருவரையும் பொறியாளர் ஒருவரையும் தனித்தனியே அழைத்து மதிப்பீடு வாங்கி, கொத்திப் பார்த்த பிறகே தெரியவரும் வேலைக்காக அதன்மேல் நான்கில் ஒரு பங்கு கூட்டி, அந்தத் தொகையை முதலில் ஒதுக்கிவிட்டு விலை பேச வேண்டும். நான்கில் ஒரு பங்கு என்பது என் கணிப்பு, கூரை மிகவும் நைந்திருந்தால் அதுவும் போதாது. வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது, கடைசித் தவணையைக் கார்த்திகையில் இரண்டு நல்ல மழை பெய்து, சுவரின் அடியைத் தட்டிப் பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.