அறுந்த ஆக்ஸிலரேட்டர் கேபிளும் நாச்சியார்கோயில் பித்தளையும்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்பது யாருக்கும் புதிதல்ல. கேட் திறந்த பிறகும் என் பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் நகரவில்லை. கார்புரேட்டர் பக்கம் கேபிள் அறுந்திருந்தது. புதுசு தேடி அலுத்துவிட்டேன்.

கும்பகோணத்தில் அதே தடிமனில் பைக் கிளட்ச் வயர் வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவிய பழைய உறைக்குள் விட்டேன். கேபிள் நுனியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குமிழான நிப்பிளுக்கு, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையில் கிடந்த பித்தளைத் துண்டு. லேத்தில் கடைந்து துளையிட்டபோது வெளிவாயை மட்டும் அகட்டச் சொன்னேன். சூட்சுமமே அதில்தான்: வயர் நுனியைப் பூப்போல விரித்து, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, ஈயம் நிரப்பினால் உருவிக்கொண்டு வராது. கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் வயர் வலுவிழக்கும்.

மச்சான் பெடலை மிதிக்க, கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் முழுதாகத் திறந்தது. விட்டதும் ஸ்பிரிங் பட்டென்று மூடியது. 2 மில்லிமீட்டர் தளர்வு விட்டு முடுக்கினேன். மறுநாள் கல்லணை வரை ஓட்டிப் பார்த்தாயிற்று.