'ஒழுங்காப் பிடிடா' என்று கத்துவதற்கு முன்

பகலில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு, நாலரை மணிக்கு மேல் அதே பையன்களுக்குக் கபடி. இதுதான் என் பிழைப்பு. களத்தில் தேறியவர்கள் வகுப்பில் தேறவில்லை. காரணம் புரியவே எனக்குச் சில வருடம் ஆனது: களத்தில் நான் பார்த்தேன், வகுப்பில் பேசிக்கொண்டே இருந்தேன்.

அதனால் முதலில் பாருங்கள். கார்னரில் நிற்கும் ஒருவன், பாடி வரும் ரைடரின் கணுக்காலுக்குப் பாய்கிறான், ஒவ்வொரு முறையும் கை வழுக்குகிறது. 'ஒழுங்காப் பிடிடா' என்று கத்தலாம். ஒழுங்காகப் பிடிக்கத்தானே அவனும் பார்க்கிறான்! நான் அவன் கையை விட்டுவிட்டுக் காலைக் கவனித்தேன். முட்டி மடங்கவே இல்லை, இடுப்பை மட்டும் வளைக்கிறான். கை போய்ச் சேர்வதற்குள் ரைடர் காலை இழுத்துக்கொள்கிறான். "முட்டியை மடக்கி நில்லு" என்றேன், வேறு எதுவும் சொல்லவில்லை. ரைடரை அதே பக்கம் திரும்பத் திரும்பப் பாடி வரச் சொன்னேன். நாலாவது முறை மாட்டினான்.

இனி வகுப்பு. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவனிடம் 'தப்பு' என்று சொல்லிச் சிவப்புக் கோடு போடாதீர்கள். "எப்படிப் போட்டே? சொல்லிக்கிட்டே போடு" என்று கேளுங்கள். மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருப்பான். "அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் வெச்சா, அரையைவிடக் குறையுமா?" அவனே நோட்டைப் பார்த்து முழிப்பான். உடனே, அந்த இடத்திலேயே, அதே மாதிரி நாலு கணக்கு கொடுங்கள். நோட்டை ஒரு வாரம் கழித்துத் திருத்திக் கொடுப்பது, போன சனிக்கிழமை விட்ட பிடியை இந்தச் சனிக்கிழமை திட்டுவது போலத்தான்.

நாற்பது பேரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. நான் ஒரு நாளைக்கு ஒரு பெஞ்சு என்று வைத்திருக்கிறேன்.

பாராட்டை அளந்து கொடுங்கள். அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் முதலில் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். 1974-75இல் அவர் நடத்திய 15 பயிற்சிகளை இரண்டு உளவியலாளர்கள் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அவர் பேச்சில் முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்பதுதான். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை, திட்டும் ஏறக்குறைய அவ்வளவே. 'சூப்பர்டா' என்று மட்டும் சொன்னால் எது சூப்பர் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "இந்தத் தடவை முட்டி மடங்குச்சு" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. களத்துக்குப் பிடித்தவன் வருகிறான், வகுப்புக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் ஒருவனை இப்போது ஸ்கோர் எழுத உட்கார வைத்திருக்கிறேன். போனஸ், தொட்ட புள்ளி, களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரை மடக்கினால் சூப்பர் டேக்கிள் என்று இரண்டு எனக் கூட்டிக்கொண்டே இருக்கிறான். நேற்று நான் சொன்ன மொத்தத்தில் ஒன்று குறைகிறது என்று எழுந்து வந்து சண்டை போட்டான்.