விசிட்டிங் கார்டு: காகிதமா, கைப்பேசியா என்று கணக்கிடும்போது நேரும் தவறுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறிய அட்டைப்பெட்டி கிடக்கிறது. 1000 விசிட்டிங் கார்டுகள் அடுக்கி வந்த பெட்டி அது. அலுவலகம் வேறு தெருவுக்கு மாறிய அன்று அதில் 600-க்கும் மேற்பட்டவை எவர் கைக்கும் போகாமல் மிச்சமிருந்தன. மூன்றரை அங்குல நீளமும் இரண்டு அங்குல அகலமும் கொண்ட, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனுள்ள கார்டு ஒன்று ஏறத்தாழ 1.35 கிராம் எடை வரும். அப்படியானால் ஒருமுறைகூடப் பயன்படாத முக்கால் கிலோவுக்கும் அதிகமான காகிதம் அந்தப் பெட்டியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது பலரும் செய்யும் முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது: ஒரு காகித அட்டையையும் கைப்பேசி வழியே பகிரும் ஒரு மின்னணு அட்டையையும் எதிரெதிரே வைத்து எடைபோடுகிறோமே தவிர, எத்தனை அச்சடித்தோம், அவற்றில் எத்தனை உண்மையில் கைமாறின என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தேவைக்கு மேல் அச்சடிப்பதற்குக் காரணம் நம்முடைய அலட்சியம் மட்டுமன்று. மொத்தமாக அச்சடிக்கப் பயன்படும் ஆஃப்செட் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அலுமினியத் தகடு செய்தாக வேண்டும். அச்சு சீராகும்வரை ஓடும் தாள்கள் அத்தனையும் கழிவாகும். இந்தச் செலவு 100 கார்டுக்கும் 1000 கார்டுக்கும் ஒன்றே என்பதால், ‘ஆயிரமாகவே போட்டுவிடுங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது அவருடைய கணக்கில் நியாயமே. சிவகாசி போன்ற அச்சுத்தொழில் ஊர்களில் பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஓட்டுகிறார்கள். அதனால் தகடும் கழிவும் பலருக்குப் பகிர்ந்துபோகின்றன என்பதும் உண்மை. ஆனால் ஆண்டுக்கு 150 பேரைப் புதிதாகச் சந்திக்கும் ஒருவருக்கு, தகடே தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் 100 அல்லது 200 கார்டுகள் எடுத்துக்கொள்வது, ஒரு கார்டுக்கான விலை கூடுதலானாலும், முகவரி மாறும் நாளில் வீணாவதை வெகுவாகக் குறைத்துவிடும்.

இரண்டாவது தவறு, காகிதக் கார்டு என்றால் அது காகிதம் மட்டுமே என்று நம்புவது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். மங்கலான மேட் லேமினேஷன், பளபளக்கும் கிளாஸ் லேமினேஷன் என்று நாம் கேட்டு வாங்குவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் படலம். அந்தப் பழைய கார்டுகளில் ஒன்றை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தேன். நடுவிலிருந்த காகிதம் விரல் பட்டதும் மாவாகக் கரைந்து வந்தது. இரு புறத்துப் படலங்களும் மட்டும் கார்டின் அளவு குறையாமல், என் பெயரையும் பழைய தொலைபேசி எண்ணையும் தாங்கியபடி அப்படியே நின்றன. காகித ஆலையில் பழைய தாளைக் கூழாக்கும் தொட்டியிலும் நடப்பது இதுவே: கூழ் பிரிந்துபோக, சல்லடையில் தேங்கும் படலம் எரிக்கப்படுகிறது அல்லது குப்பைமேட்டுக்குப் போகிறது. பழைய தாள் வாங்கும் கடைகள் இத்தகைய கார்டுகளை ஒதுக்குவதற்கும் காரணம் அதுதான். உங்கள் கையிலுள்ள கார்டில் படலம் இருக்கிறதா என்று அறிய மெதுவாகக் கிழித்துப் பார்த்தால் போதும். வெறும் காகிதம் நார்நாராகக் கிழியும். படலம் ஒட்டியது கிழிய மறுத்து இழுபடும்.

மரக்கணக்கை மட்டும் நம்புவதும் தவறு. ‘இத்தனை கார்டுக்கு ஒரு மரம்’ என்ற வாசகம் கேட்க எளிது. ஆனால் காகிதம் எதிலிருந்து, எங்கே செய்யப்பட்டது என்று தெரியாமல் அதற்குப் பொருளில்லை. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் இயங்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1979-இல் தொடங்கப்பட்டபோதே கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு திட்டமிடப்பட்டது. மரக்கூழ் பயன்படும் இடத்திலும், அந்த மரம் பெரும்பாலும் உழவர்கள் பயிராக வளர்க்கும் சவுக்கும் தைலமரமுமே. ஆகவே மரத்தோடு நிறுத்திவிடாமல், கூழாக்கவும் வெளுக்கவும் செலவாகும் தண்ணீர், ஆலையின் எரிபொருள், கழிவுநீர் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மின்னணுப் பக்கத்தில் இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. மின்னணுக் கார்டால் சுற்றுச்சூழலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்பது ஒன்று; கைப்பேசி உற்பத்தியின் முழுச் சுமையையும் அதன் தலையில் ஏற்றுவது மற்றொன்று. கைப்பேசி எப்படியும் நம் கையில் இருக்கிறது. கார்டுக்காக அதை யாரும் வாங்குவதில்லை. பெயரையும் எண்ணையும் மின்னஞ்சலையும் நேரடியாகவே பொதித்துவைத்த க்யூ.ஆர். குறியீடு சில நூறு எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அதைத் திறக்க எந்த இணையதளத்தையும் தேடிப் போக வேண்டியதில்லை. மாறாக, படமும் காணொளியும் நிறைந்த ஒரு பக்கத்துக்கு அழைத்துச்செல்லும் குறியீடு, ஒவ்வொரு முறையும் பல மெகாபைட் தரவை எங்கோ ஒரு தரவு மையத்திலிருந்து இழுக்கிறது. அந்தப் பக்கத்தை நடத்தும் சேவைக்கான சந்தா முடிந்ததும் இணைப்பு செத்துப்போகும். குறியீட்டைக் காகிதத்தில் அச்சடித்திருந்தால் அந்தக் கார்டுக் கட்டும் அதோடு வீண்.

‘பசுமைக் கார்டு’ என்று விற்கப்படும் என்.எஃப்.சி. அட்டைகளை (கைப்பேசியருகே கொண்டுபோனாலே விவரங்களைக் கடத்துபவை) ஆராயாமல் வாங்குவதும் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 5 கிராம் எடையுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக்; உள்ளே ஒரு சில்லும் (சிப்) உலோக ஆன்டெனாவும் பதிந்திருப்பதால், தூக்கியெறியும் நாளில் பிளாஸ்டிக்காகவும் பிரிக்க இயலாது, உலோகமாகவும் மீட்க இயலாது. 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. இருந்தாலும் ஒரே அட்டையை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருப்பவருக்கு இது நல்ல தேர்வுதான், ஏனெனில் பூட்டப்படாத சில்லில் உள்ள விவரங்களைக் கைப்பேசியிலிருந்தே மாற்றி எழுதலாம். அதன் முகப்பில் பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் அச்சடித்துவிட்டால் அந்த நன்மை போய்விடும். வேலை மாறும்போது அட்டையும் மாற வேண்டியதாகிறது. முகப்பை வெறுமையாக விடலாம், அல்லது பெயரை மட்டும் போடலாம்.

காகிதக் கார்டு வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள், வடிவமைப்பைக் கொடுக்கும்போதே லேமினேஷன் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பல கடைகளில் கேட்காமலேயே போட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.