‘இஸ்’ஸா, ‘ஆர்’ரா? நடுத்துண்டை விரலால் மறையுங்கள்

ஆங்கிலத்தில் ‘இஸ்’ போடுவதா, ‘ஆர்’ போடுவதா என்று தடுமாறினால், எழுவாய்க்குப் பின்னால் ‘ஆஃப்’, ‘வித்’, ‘அலாங் வித்’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ என்று தொடங்கும் துண்டை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். “த லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ... ரெடி” என்பதில் ‘ஆஃப் கேண்டிடேட்ஸ்’ மறைந்தால் மிஞ்சுவது ‘லிஸ்ட்’. ஒருமை, ஆகவே ‘இஸ்’. “ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்” என்றாலும் மிஞ்சுவது ‘ஒன்’தான், அதனால் ‘லிவ்ஸ் இன் மதுரை’, ‘லிவ்’ அல்ல.

தமிழில் “விண்ணப்பதாரர்களின் பட்டியல் வந்தது” என்கிறோம். முக்கியமான பெயர் வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முன்னால் போய்விடுவதால், வினையை ஒட்டி வேறொரு பன்மைச் சொல் வந்து உட்கார்ந்துவிடும். காது அதையே பிடித்துக்கொள்ளும். வங்கித் தேர்வுகளின் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் கண்ணி வைக்க வசதியான இடம் இது.

அளவு சொல்லும் தொடர்களில் மட்டும் மறைக்காதீர்கள். ‘சம் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’, ‘எ லாட் ஆஃப்’ ஆகியவற்றில் பின்னால் வரும் பெயர்தான் தீர்மானிக்கும்: “மோஸ்ட் ஆஃப் த ரைஸ் இஸ்”, “மோஸ்ட் ஆஃப் த புக்ஸ் ஆர்”. வம்பு பிடித்தது ‘நம்பர்’. “த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்” என்றால் ‘இஸ்’, “எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்” என்றால் ‘ஆர்’. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ‘நைதர் – நார்’ வந்தாலும் விரலை எடுத்துவிடுங்கள். வினைக்கு அருகில் இருக்கும் பெயரைப் பார்த்தால் போதும்: “நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடண்ட்ஸ் ஆர் ஹியர்”.