எடையைக் கவனிப்பவர்கள் படுக்கையறையை இருட்டாக்குவது எப்படி?

எடை ஏறிவிட்டது என்றால் முதலில் சாப்பாட்டைக் குறைக்கிறோம், அப்புறம் நடக்க ஆரம்பிக்கிறோம். இரண்டும் சரிதான். ஆனால் ராத்திரி தலைக்கு மேல் எரிகிற விளக்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் பல வருடம் டிவியை ஓடவிட்டுத்தான் தூங்கினேன். அதை மாற்றியபோது செய்தவற்றை, புதிதாகத் தொடங்குகிறவருக்குப் புரியும்படி வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் காரணம். அது தெரியாமல் செய்தால் நாலு நாளில் விட்டுவிடுவோம்.

நம் கண்ணில், பார்ப்பதற்கான செல்கள் தவிர இன்னொரு வகைச் செல்லும் இருக்கிறது. அது ஒளியைத் தானாகவே உணரும் என்பது 2002-ல்தான் நிரூபணமானது. அதில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி நீல ஒளிக்கு, அதாவது 480 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில், மிக நன்றாக வேலை செய்யும். இந்தச் செல்லின் முக்கிய வேலை, வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வது. மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு கடிகாரம் இருக்கிறது. செய்தி அங்கே போகிறது. இருட்டு என்று தெரிந்தால் மெலடோனின் என்ற, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் ஹார்மோன் சுரக்கும், உடல் சூடு இறங்கும், இதயம் நிதானமாகும். கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு எல்லாவற்றுக்கும் சொந்தக் கடிகாரங்கள் உண்டு; அவை இந்தத் தலைமைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. ஒரே உணவைக் காலையில் சாப்பிட்டால் ஏறுவதைவிட இரவில் சாப்பிட்டால் ரத்த சர்க்கரை அதிகம் ஏறுவதும் இந்தக் கடிகாரக் கணக்கில்தான்.

இதில் வெளிச்சம் குறுக்கே வந்தால் என்ன ஆகும்? 2010-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. இரவு முழுக்க 5 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்தில் வைத்த எலிகள், இருட்டில் இருந்தவற்றைவிட எட்டு வாரத்தில் அதிகமாக எடை போட்டன. தின்ற மொத்த அளவு ஒன்றுதான், ஓட்டமும் ஒன்றுதான். தின்ற நேரம் மட்டும் மாறியிருந்தது. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் தின்றன. உணவை அவற்றின் சரியான நேரத்தில் மட்டும் வைத்ததும், அந்தக் கூடுதல் எடை ஏறவில்லை.

மனிதர்களில்? 2022-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 20 இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு இரவில் இதயத்துடிப்பு கூடியது. மறுநாள் காலை இன்சுலினுக்கு உடல் சரியாகப் பதில் சொல்லவில்லை. இத்தனைக்கும் மெலடோனினில் பெரிய வித்தியாசம் இல்லை. மூடிய இமை வழியாகவும் வெளிச்சம் போய் உடலைப் பாதி விழிப்பில் வைத்திருந்திருக்கிறது. இன்னொன்று, 2019-ல் வெளியான ஆய்வு. அமெரிக்காவில் 43,722 பெண்களைச் சராசரியாக 5.7 வருடம் கவனித்ததில், அறையில் டிவியோ விளக்கோ எரியத் தூங்கியவர்கள் 5 கிலோ அல்லது அதற்கு மேல் எடை கூடும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகமாக இருந்தது. இது தொடர்பை மட்டும் காட்டும் ஆய்வு. விளக்கை அணைத்தால் இத்தனை கிலோ குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய ஒரு காரணம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: இன்றிரவு அறையைச் சோதியுங்கள்

வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுங்கள். உடனே பார்க்காதீர்கள். இருட்டுக்குக் கண் பழக 15 நிமிடமாவது வேண்டும். பிறகு தலையணையில் தலை வைத்தபடியே ஒவ்வொரு வெளிச்சமாக எண்ணுங்கள். மோடத்தில் மினுக்கும் நீலப் புள்ளி, சார்ஜரின் பச்சை, டிவியின் சிவப்பு, ஏசியில் ஒளிரும் எண், கதவுக்கு அடியில் ஒரு கோடு, திரைக்கு மேலே ஒரு பட்டை. நான் முதல் தடவை எண்ணியபோது ஏழு இருந்தன. இருட்டான அறை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையை முகத்துக்கு நேராக நீட்டுங்கள். விரல்களைத் தனித்தனியாக எண்ண முடிகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் லக்ஸ் அளக்கும் ஆப் போட்டும் பார்க்கலாம். போனைத் தலையணையில், கண் இருக்கும் இடத்தில் வையுங்கள். மிகக் குறைந்த வெளிச்சத்தில் போன் துல்லியமாகக் காட்டாது, ஆனால் 2-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க: முழுநிலவு வெளிச்சம் அரை லக்ஸ்கூட வராது. 2022-ல் இந்தத் துறை விஞ்ஞானிகள் கூடிச் சொன்ன வரம்பு, தூங்கும்போது 1 லக்ஸுக்குள், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்குள். அது மெலனாப்சின் கணக்கில் அளந்த எண். மஞ்சள் விளக்கு என்றால் போன் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: அறைக்குள் இருக்கும் புள்ளிகளை மூடுங்கள்

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை விரல் நகம் அளவுக்கு வெட்டி ஒட்டுங்கள். நீல விளக்குக்கு ஒரு அடுக்கு போதாது, இரண்டு ஒட்டுங்கள். காற்று போகும் துளைகள், ரிமோட் சிக்னல் வாங்கும் இடம், புகை அலாரத்தின் விளக்கு ஆகியவற்றை மூடக் கூடாது. டிவியை பிளக்கிலேயே அணைத்துவிடுங்கள்.

படி 3: ஜன்னல்

அதிக நேரம் பிடிப்பது இதுதான். தெருவிளக்கு நேராக விழும் அறைக்கு மெல்லிய திரை உதவாது. துணி வாங்கும் முன் அதை எரிகிற பல்பு முன் பிடித்து, பின்னால் உங்கள் கையை அசைத்துப் பாருங்கள். நிழல் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். கனமான துணி மாட்டிய பிறகும் வெளிச்சம் வருகிறது என்றால், அது துணி வழியாக வருவதில்லை, ஓரத்தில் வருகிறது. திரைக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக மேல்நோக்கிப் போய், கூரையில் பட்டு, நேராக உங்கள் முகத்தில் இறங்கும். அதனால் திரை ஜன்னலைவிட இரு பக்கமும் ஒரு சாண் அகலமாக இருக்கட்டும், ஓரங்களைச் சுவரோடு ஒட்டினாற்போல் வளைத்து மாட்டுங்கள். செலவு செய்யும் முன் ஒரு வாரம் அட்டையை வெட்டிச் செருகிப் பாருங்கள். வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது என்றால் கண் மறைப்புத் துணி போதும். கண்ணை அழுத்தாததாகப் பாருங்கள்.

கதவடியில் வரும் கோட்டுக்குப் பழைய துண்டைச் சுருட்டி வைத்தால் முடிந்தது.

படி 4: படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம்

2011-ல் வந்த ஒரு ஆய்வில், படுக்கும் முன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, அதாவது 200 லக்ஸுக்கும் குறைவாக, மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் 90 நிமிடம் சுருங்கியது. கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கை வையுங்கள். பெட்டியில் 2700 கெல்வின் என்று இருந்தால் நல்லது. போனில் நைட் மோடு போட்டால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். திரையின் பிரகாசத்தையும் குறைக்காவிட்டால் பலன் கொஞ்சம்தான். இரவுச் சாப்பாட்டையும் இந்த மூன்று மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டால் நல்லது. அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இரவில் எழுந்திருப்பவர்களுக்கு

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கும்மிருட்டு வேண்டவே வேண்டாம். விழுந்தால் அது எடையைவிடப் பெரிய பிரச்சினை. கழிவறைக்குப் போகும் வழியில், தரையை ஒட்டி, ஆள் நடந்தால் மட்டும் எரியும் சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கு வையுங்கள். முன்னே சொன்ன 2019 ஆய்வில் சின்ன விடிவிளக்குக்கும் எடை கூடுவதற்கும் தொடர்பு தெரியவில்லை. குழந்தை இருட்டுக்குப் பயந்தால் அதற்கும் இதே வழிதான்.

படி 6: காலையில் வெளியே போங்கள்

எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே இருங்கள். மேகமூட்டமான பகலிலும் வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் கிடைக்கும், வீட்டுக்குள் சில நூறுதான். பகல் வெளிச்சம் நன்றாகக் கிடைத்தவர்களை மாலை வெளிச்சம் அவ்வளவாகக் குழப்புவதில்லை.

இரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில் தூங்கும் அறைக்கு 2, 3 படிகளை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் இதை நம்பி மருந்தின் அளவை மாற்ற வேண்டாம்.

எடையை வாரம் ஒரு முறை, அதே கிழமை காலையில் பார்த்தால் போதும். ஒரு வாரம் கழித்து முதல் படியை மறுபடி செய்யுங்கள். பெரிய வெளிச்சங்கள் போன பிறகுதான் சின்னவை கண்ணில் படும். என் அறையில் கடைசியாக மிஞ்சியது கதவின் சாவித்துவாரம். அதற்கும் ஒரு துண்டு டேப் ஒட்டினேன்.