நந்தி மலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் பெங்களூர்த் தமிழர்கள் கூட்டிப்போகும் இடங்களில் நந்தி மலை முக்கியமானது. சுமார் 60 கிலோமீட்டர்தான். இருட்டோடு கிளம்பி, மேகத்துக்கு நடுவே நின்று படம் எடுத்து, வழியில் இட்லி, வடை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். மலைக்குப் பெயர் கொடுத்த ஈசனைப் பார்க்காமலே திரும்புவதுதான் இதில் பெரிய தவறு.

அடிவாரத்து நந்தி கிராமத்தில் போக நந்தீஸ்வரர், உச்சியில் யோக நந்தீஸ்வரர். இரண்டு கோயிலையும் சேர்த்துப் பார்த்தால்தான் தரிசனம் முழுமையாகும். கீழ்க்கோயிலில் அருணாசலேஸ்வரர் சிவனின் பிள்ளைப் பருவம், போக நந்தீஸ்வரர் வாலிபம், இருவர் சன்னதிக்கும் இடையில் உள்ள உமா மகேஸ்வரர் கல்யாணக் கோலம் என்பார்கள். மேலே இருப்பவர் எல்லாவற்றையும் துறந்தவர். அதனால் அங்கே திருவிழா ஆரவாரம் கிடையாது. "மேலே கோயில் வெறிச்சென்று இருக்கிறதே" என்று குறைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த அமைதியை வேறு மாதிரி உணர்வார்கள். தேரும் கூட்டமும் மகா சிவராத்திரியை ஒட்டிக் கீழே.

கீழ்க்கோயிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதும் தவறுதான். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி பாண அரசர்கள், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று பலர் கைபட்டு வளர்ந்த கோயில் அது. உள்ளே இருக்கும் சோழ மன்னர் சிற்பத்தை ராஜேந்திர சோழன் என்று சொல்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் யாரையாவது அழைத்துப்போனால் அதைத் தேடிக் காட்டாமல் விடாதீர்கள். கல்யாண மண்டபத் தூண்களின் கொடிவேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பாருங்கள். நாலு பக்கமும் படிக்கட்டு இறங்கும் சிருங்கி தீர்த்தம், நந்தி கொம்பால் குத்தி எழுப்பியது என்பது தலக்கதை. படம் எடுப்பதற்காக அதன் ஓரத்தில் தின்பண்டக் கவரைப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

வலிக்கக் காரணம் உண்டு. பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது இந்த மலைப்பகுதியில்தான். வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போகிற ஆறு ஒன்று, கிருஷ்ணகிரி வழியாகத் திருக்கோவிலூர், கடலூர் போகிற ஆறு இன்னொன்று. அந்தக் கரையோர ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பெங்களூரில் எத்தனை பேர்! நம் ஆறுகளின் தலைமாட்டில் பிளாஸ்டிக் பாட்டிலை எறியலாமா? காலி பாட்டிலைப் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, நீங்கள் மேலே சேர்வதற்குள் சூரியன் உச்சிக்கு ஏறிவிடும். வார நாளில் விடியலில் மலையேறி, யோக நந்தீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, இறங்கும்போது கீழ்க்கோயிலுக்குப் போவது நல்ல வரிசை. கொண்டை ஊசி வளைவுகளில், அதுவும் மூடுபனியில், பைக்கை விரட்ட வேண்டாம். மலை 1,478 மீட்டர் உயரம், காலையில் காற்று குத்தும், வயதானவர்களுக்கு மப்ளரும் ஸ்வெட்டரும் அவசியம்.

குரங்குகளுக்கு வாழைப்பழம் நீட்டுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் கையில் பை தெரிந்தாலே அவை பாய்ந்து பிடுங்கும், குழந்தைகள் பயந்து ஓடிக் கீழே விழுவார்கள். உணவை மூடிய பைக்குள் வையுங்கள், கையில் தூக்கிப் போகாதீர்கள்.

திப்பு டிராப் என்ற செங்குத்துப் பாறைப் பக்கம் தடுப்புக் கம்பியைத் தாண்டிப் பாறை விளிம்புக்குப் போகவே கூடாது. மழைத் தூறலிலும் பனியிலும் பாறை வழுக்கும். கூட வந்த பையன்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், செல்பிக்குக் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கும் இடமே தாராளம்.